துளிர்க்காத கிட்டார்

எங்க சிப்பித்துறையில மரச் சாமானெல்லாம் துளிர்விட ஆரம்பிச்சது ஒரு செவ்வாக்கெழம காலையில, மொத பூசைக்கு மணி அடிச்சி ஓஞ்ச ஒடனே. மொதல்ல கோயில் கதவு, பொறவு சாமியாருகிட்ட பாவத்தச் சொல்லுற பாவசங்கீர்த்தனத் தொட்டி, பொறவு வரிசையா பெஞ்சு, பொறவு அது கோயில் வாசல தாண்டி கடக்கரை ரோட்டுல எறங்கி, வீட்டு நிலை, சன்னல், கட்டில், அலமாரி, உலக்கை, அகப்பைன்னு ஒண்ணையும் விடாம தொட்டுத் தொட்டு எழுப்பிக்கிட்டே போச்சி, எல்லா மரமும் தான் ஒரு காலத்துல என்னவா நின்னோம்ங்கறத ஒரே நேரத்துல நெனச்சிக்கிட்ட மாரி. யாரும் அலறல. கதவு எலை விட்டா என்ன செய்ய, எலைய ஒதுக்கிட்டு உள்ள போவ வேண்டியதுதானன்னு ஒதுக்கிட்டு உள்ள போனாவ.

கறிக்கடை அந்தோணி புளியங்கட்டையில கறி வெட்டுதவரு, கட்டை கொழுந்து விட்டதும் அந்தக் கொழுந்தையும் கிள்ளி கறியோட சேத்தே பொட்டலம் கட்டுனாரு, "கொழம்புக்கு புளி கரைக்காண்டாம்மா, உள்ளயே போட்டுருக்கேன்"னு. பூவரசங் கட்டில்ல படுத்தவன் காலையில மஞ்சப் பூவோட எந்திரிச்சான். பள்ளிக்கூடத்துல பெரிய வாத்தியாரு பிரம்பு எலை விட்டுப் போனதால, அடிச்சாலும் தடவிக் குடுத்த மாரிதான் இருந்திச்சி, அந்த மாசம் எங்க ஊரு பயலுவ எல்லாம் பாடத்த தப்பா சொல்ல போட்டி போட்டானுவ. ஒரு வீட்டுப் பலாமர நிலையில பிஞ்சு புடிச்சி பழமாயி வாசல மறைச்சி தொங்க, வாடகைக்கு இருந்தவ "என் வாசல்ல காச்சது எனக்கு"ங்கா, வீட்டுக்காரி "என் நிலையில காச்சது எனக்கு"ங்கா, ஊர்க்கமிட்டி கூடிப் பேசிப் பேசி, கடைசியில பேசுன எடத்துலேயே பழத்த அறுத்துத் தின்னுட்டு, வழக்கு தீந்துச்சின்னு எந்திரிச்சிப் போயிட்டு. மேல இருந்து ஒரு அதிகாரி வந்தாரு, மூக்குக் கண்ணாடிய ஏத்தி ஏத்திப் பாத்தாரு, "இதெல்லாம் இப்ப உயிருள்ள மரம், அனுமதி இல்லாம ஆணி அடிக்கக் கூடாது"ன்னாரு. ஆணியில மாட்டுன சட்டைய எடுத்துட்டு வந்து அவரு கையில குடுத்தா ஒரு கெழவி, "அப்ப இத நீரு புடிச்சிக்கிடும்"னு. அவரு பொறவு வரல.

கடல் தொழிலுக்கு ஒரு கொறையும் வரல. எங்க வள்ளமெல்லாம் ஃபைபர் ஆயி வருசமாச்சி, ஃபைபருக்கு நெனச்சிப் பாக்க ஒரு காடும் கெடையாது. துடுப்பு மட்டும் எலை விட்டுச்சி. இஞ்சின் இருக்கும்போது துடுப்பு யாருக்கு வேணும்?

எல்லாரும் இப்படி ஒதுக்கிட்டும் கிள்ளிட்டும் பொழப்பப் பாக்கும்போது, ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் இது ஆகல. அமலோற்பவம் அக்காவுக்கு.

அக்கா எங்க கோயில் பாட்டுக்குழுவுல கிட்டார் வாசிக்காவ. ஒல்லியா, நெட்டையா, பேசுனா பேச்ச முடிச்சிட்டுத்தான் மூச்சு விடுவாவ. அவுக கிட்டாரு மூணு நாட்டு மரத்துல செஞ்சது, முகம் ஒரு குளுரு நாட்டு மரம், முதுகு நம்ம பக்கத்து மலை மரம், கழுத்து எந்த நாடோ. அந்த செவ்வாக்கெழம மூணும் ஒரே நேரத்துல முழிச்சி, முகத்துல ஊசி ஊசியா எலை, முதுகுல வட்ட எலை, கழுத்துல நீட்டு எலைன்னு, ஒரு வீட்டுக்குள்ள மூணு மருமக வந்த மாரி ஆயிப் போச்சி. அக்கா விடல. காலையில எந்திரிச்சி எலையெல்லாம் கிள்ளிப் போட்டுட்டு சுதி சேத்து வாசிச்சாவ. ஆனா கழுத்து வளருது. கழுத்து வளந்தா கம்பி இழுக்குது, கட்டை எடம் மாறுது, நேத்து 'ச' இருந்த எடத்துல இன்னைக்கு 'ச' இல்ல. ஒரு நாள் வாசிச்சிக்கிட்டு இருக்கும்போதே உள்ள இருந்து ஒரு தேன்சிட்டு வெளிய வந்து அக்காவ மொறச்சிச்சி. அன்னைக்கு அக்கா அந்தக் கிட்டார வாசப்பக்கம் கொண்டு போயி, குழி தோண்டி நட்டு, ஒரு செம்பு தண்ணி ஊத்திட்டு, கையத் தட்டிக்கிட்டு உள்ள வந்தாவ. அழல. "அது போற எடத்துக்குப் போவட்டும்"னாவ. அம்புட்டுத்தான்.

இதுல என்ன பெரிய நட்டம்னு கேப்பீங்க. அதுக்கு எங்க பாட்டுக்குழுவப் பத்தி சொல்லணும்.

எங்க பாட்டுக்குழுவுல இருக்கது பூரா கடல் தொழில் பாக்குற ஆளுவ. இஞ்சின் சத்தத்துக்கு மேல கத்தி, காத்துக்கு மேல கத்தி, பக்கத்து வள்ளத்துல நிக்கவன் காதுல விழணும்னு கத்தி கத்தி பழகுன தொண்டை. அதுல தலைவரு மிக்கேல் அண்ணன். மிக்கேல் அண்ணன் ஒருத்தன் காதுல ரகசியம் சொன்னா அடுத்த ஊரு வள்ளம் திரும்பிப் பாக்கும். அந்தக் காலத்துல இவுகள கோயிலுக்குள்ள பாட விட மாட்டாவ; உள்ள பாடுறதுக்கு உத்தியோகம் பாக்குற வீட்டு ஆளுவ, இவுக வெளிய மணல்ல நின்னு, உள்ள பாடுறது கேட்டா பாடணும், கேக்காட்டி சும்மா நிக்கணும். ஒரு தடவ உள்ள விட்டுப் பாத்தாவ, இவுக அல்லேலூயாவ எடுத்த வேகத்துல கோபுரத்துப் பொறா பூரா கெளம்பிப் போயி அடுத்த பங்கு கோயில்ல கூடு கட்டிச்சி. அப்பதான் அமலோற்பவம் அக்கா கிட்டாரத் தூக்கிட்டு மணல்ல எறங்கி இவுக நடுவுல ஒக்காந்தாவ. என்ன செஞ்சாவன்னு தெரியல, அந்தக் கிட்டார் சத்தம் இருக்கே, அது தோளுல கை போட்டு பக்கத்துல ஒக்காந்து பேசுற சத்தம். பக்கத்துல ஒக்காந்திருக்கவன்கிட்ட எவன் கத்துவான்? தொண்டை தானா எறங்கிச்சி. கொஞ்சம் கொஞ்சமா மணல்ல இருந்து படி, படியில இருந்து வாசல், வாசல்ல இருந்து பீடத்துக்குப் பக்கம்னு கூட்டிட்டு வந்து நிப்பாட்டிட்டாவ.

இப்ப கிட்டாரு இல்ல. ஒரு ஞாயித்துக்கெழம கீபோர்ட வச்சி சமாளிச்சாவ, எங்க ஆளுவ அத இஞ்சின்னு நெனச்சி அதுக்கு மேல கத்துனாவ. கிளமெண்ட் சாமி, எங்க பங்குச் சாமியாரு, கடல் இல்லாத உள்நாட்டுக்காரரு, பூப் போல பேசுதவரு, ஒத்தத் தலைவலிக்காரரு, நெத்தியப் புடிச்சிக்கிட்டே சொன்னாரு:

"அமலோற்பவம், தப்பா எடுத்துக்காதீங்க. திருவிழாக் கொடியேத்தத்துக்கு மறைமாவட்டத்து ஆயரு வர்றாரு. கிட்டார் இல்லாம இவங்கள உள்ள நிறுத்த முடியாது. ரெக்கார்டு பாட்டு போட்டுக்கலாம். இவங்க... வெளிய நின்னு பாடட்டுமே. காத்தோட்டமா இருக்கும்."

காத்தோட்டமா! கடல்ல கெடக்கவனுக்கு காத்தோட்டம்!

அக்கா சேலைய இழுத்து சொருகுனாவ. "சாமி, கொடியேத்தத்துக்கு உள்ள கிட்டார் சத்தம் கேக்கும். கேக்கலன்னா இவுக மட்டுமில்ல, நானும் மணலுக்கு எறங்குதேன். பொறவு ஏற மாட்டேன்."

சொல்லிட்டு வந்துட்டாவ. சொன்ன ஒடனே ஊரு பூரா தெரிஞ்சிட்டு, ஏன்னா பக்கத்துல நின்ன மிக்கேல் அண்ணன் அத அவரு பொஞ்சாதிகிட்ட ரகசியமா சொன்னாரு.

புது மரக் கிட்டாரு வாங்குனா அதுவும் துளிர்க்கும். அப்ப வழி சொன்னது லூர்து. லூர்து கடக்கரையில வள்ளத்துக்கு ஃபைபர் ஒட்டுதவன், ஒடம்பெல்லாம் பிசின் வாடை, ஊர்ல எது ஒடஞ்சாலும் ஃபைபர் வச்சி ஒட்டிருவான், ஒரு தடவ அவன் மாமியாரு பல்செட்டக்கூட ஒட்டிக் குடுத்தான். போன நீட்டிக் காட்டுனான்.

"எக்கா, இங்க பாருங்க. கார்பன் ஃபைபருலயே கிட்டாரு செய்யிதான். மரம் ஒரு துளி கெடையாது. வெயிலு, உப்பு, ஈரம் எதுக்கும் அசையாது. வள்ளம் ஃபைபருக்கு மாறும்போது கெழடுவ எல்லாம் கொதிச்சாவளே, இப்ப என்ன, மீனு ஏற மாட்டேன்னுட்டா?"

கறிக்கடை அந்தோணிக்கு சந்தேகம். "ஏல, கார்பன்னா கரிதான? கரி எங்க இருந்து வந்திச்சி? மரத்துல இருந்துதான? அதுக்கும் ஒரு நா ஞாபகம் வந்துட்டுன்னா?"

எல்லாரும் அக்காவப் பாத்தாவ.

"வந்தா வரட்டும்"னாவ அக்கா. "கொடியேத்தம் முடிஞ்ச பொறவு வரட்டும்."

சத்தம் எப்படி இருக்கும்னு போன்ல கேக்க வச்சான் லூர்து. அக்கா கேட்டுட்டு மூஞ்சியச் சுளிச்சாவ. "பளிச்சின்னு இருக்கு. தோள்ல கை போடல. கண்டுபுடிக்கணும். நேருல போயி கண்டுபுடிக்கணும்." கண்டுபுடிக்க என்ன கருவி வேணும்னு கேட்டான் லூர்து. அக்கா மிக்கேல் அண்ணன் பக்கம் கையக் காட்டுனாவ. "மிக்கேலு வரணும்."

பாட்டுக்குழு ஆளுக்கு ஒரு நாள் மீன் வித்த காசக் குடுத்தாவ, வெலையப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன், நெஞ்சப் புடிக்கிற ஆளுவ இருக்கீங்க. அக்கா, மிக்கேல் அண்ணன், வழித்தொணைக்கு நான், மூணு பேரும் பட்டணத்துக்குப் பொறப்பட்டோம். எங்க ஊரு வளைவ பஸ்ஸு தாண்டுன ஒடனே மிக்கேல் அண்ணன் கழுத்துல கெடந்த மரச் செபமாலையில இருந்த எலையெல்லாம் வாடி மடியில உதுந்திச்சி. அண்ணன் அத ஒண்ணொண்ணாப் பொறுக்கி சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு.

பட்டணத்துக் கடை கண்ணாடிக் கடை, ஏசிக் கடை. சுவரு பூரா கிட்டாரு தொங்குது, கருவாடு காயப் போட்ட மாரி. அங்க நின்ன பையன் கறுப்பு பனியன், காதுல கடுக்கன், பேச்சு மட்டும் தேனு.

"சொல்லுங்க மேடம், என்ன ஜானர் வாசிப்பீங்க?"

"பூசைக்கு வாசிப்பேன்."

லூர்து எழுதிக் குடுத்த சீட்ட நான் நீட்டுனேன். பையன் அதப் பாத்துட்டு, "கார்பன் ஃபைபர்ல நல்ல வார்ம் டோனா பாக்கறீங்களா?"ன்னான்.

"நீ சொல்லுறது எனக்குப் புரியல தம்பி. நான் சொல்லுதேன், உனக்குப் புரியுதா பாரு. எட்ட நின்னு கூப்புடக் கூடாது. பக்கத்துல ஒக்காந்து பேசணும்."

"அதான் மேடம் வார்ம்!"

"அப்ப எடு."

மொத கிட்டாரு பளபளன்னு, மூஞ்சி பாத்து பொட்டு வைக்கலாம். அக்கா மடியில வச்சி ஒரு மீட்டு மீட்டுனாவ. மிக்கேல் அண்ணனப் பாத்தாவ. "பாடு மிக்கேலு."

"இங்கயா?"ன்னாரு அண்ணன். அதுக்கே நாலஞ்சு பேரு திரும்புனாவ.

பாடுனாரு. மாதா பாட்டு. கிட்டாரு ணிங் ணிங்குன்னு எவர்சில்வர் தம்ளர்ல கரண்டி விழுந்த மாரி கேக்க, அண்ணன் அதுக்கு மேல போறாரு, அது ணிங்குங்குது, இவரு இன்னும் மேல போறாரு, மூலையில இருந்த டிரம் செட்டு ஆளே தொடாம கிர்ர்ருன்னு அதிருது, உள்ள இருந்து மேனேஜரு சாப்பாட்டுக் கையோட வெளிய ஓடி வந்து "என்ன விழுந்திச்சி?"ன்னாரு.

"ஒண்ணும் விழல"ன்னாவ அக்கா. "அடுத்தது எடு தம்பி."

அடுத்தது பெருசு. நல்லா முழங்குது, ஆனா மேடையில நின்னு ஓட்டு கேக்குற மாரி முழங்குது. மிக்கேல் அண்ணனும் எதிர்க்கட்சி மாரி முழங்குனாரு. அதுக்கடுத்தது, அதுக்கடுத்ததுன்னு பையன் எறக்க எறக்க, அக்கா வாசிக்க வாசிக்க, அண்ணன் பாடப் பாட, கடைக்கு வந்தவனெல்லாம் போனத் தூக்கிப் படம் புடிக்கான். பையன் வயரத் தூக்கிட்டு வந்தான். "மேடம், இத மாட்டி பாஸை ஏத்தி ட்ரெபிளைக் கொறச்சா வார்ம் ஆயிடும்."

"திருவிழாவுல கரண்டு போவும் தம்பி."

"ஜெனரேட்டர் இருக்காதா?"

"இருக்கும். அது சத்தத்துக்கு மேல இவரு கத்துவாரு."

பையன் மிக்கேல் அண்ணனப் பாத்தான். பயம் போயி ஒரு மரியாத வந்திச்சி அவன் மூஞ்சியில. ஒக்காந்துட்டான். "மேடம், இதுக்கு மேல கடையில இல்ல."

அக்கா எந்திரிக்கல. "தம்பி, தொங்குறது பூரா பாத்தாச்சி. தொங்காம உள்ள ஒண்ணு கெடக்குமே. யாருக்கும் புடிக்காதது."

பையன் தலையச் சொறிஞ்சான். "ஒண்ணு இருக்கு. ஒருத்தர் வாங்கிட்டுப் போயி திருப்பிக் குடுத்துட்டாரு. சத்தம் பத்தலைன்னு."

அக்கா கண்ணு மின்னிச்சி பாருங்க! "சத்தம் பத்தலையா? எடு, எடு!"

வந்திச்சி. பளபளப்பே இல்ல, அடுப்புல இருந்து எறக்குன சட்டி கணக்கா மங்கக் கறுப்பு. வயிறு நல்ல ஆழம். வாயி நடுவுல இல்லாம தோள்ப்பட்டையில தொறந்திருக்கு, நம்ம பக்கம் குனிஞ்சி கேக்குற மாரி. அக்கா ஒடனே தொடல. கைப்பையத் தொறந்து நகவெட்டி எடுத்து, கட்டை வெரல் நகத்த ஒட்ட வெட்டுனாவ, அடுத்த நகம், அடுத்த நகம்; கடையே நின்னு பாக்கு. வெட்டி முடிச்சிட்டு, வெரல் சதையால, கம்பிக்கு வலிக்குமோங்கற மாரி ஒரு தடவு தடவுனாவ.

எனக்கு எப்படிச் சொல்ல... பின்னால யாரோ வந்து ஒக்காந்த மாரி இருந்திச்சி. திரும்பிப் பாத்துட்டேன்.

"பாடு மிக்கேலு."

அண்ணன் நெஞ்ச நிமுத்தி, காத்த இழுத்து, வாயத் தொறந்தாரு. மேனேஜரு காதப் பொத்துனாரு. மொத அடி பாடுனாரு, ரெண்டாவது அடி பாடுனாரு, மேனேஜரு ஒரு கைய எடுத்தாரு, பொறவு மறு கைய எடுத்தாரு. டிரம் செட்டு அசையல. பாட்டு முடிஞ்சதே தெரியல. அண்ணன் உதட்டத் தொடச்சிக்கிட்டு பையன்கிட்ட கேட்டாரு:

"தம்பி, குடிக்க கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

பையனுக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியல, எடுக்கப் போயிட்டான். நானும் அக்காவும் கல்லாயிட்டோம். ஏன்னா மிக்கேல் அண்ணன் அத மெதுவாக் கேட்டாரு. பொறந்ததுல இருந்து அந்த மனுசன் மெதுவாக் கேட்ட மொத தண்ணி அதுதான்.

"இத கட்டுங்க"ன்னாவ அக்கா.

வெளிய வந்து அண்ணன் வீட்டுக்கு போன் போட்டாரு, "சவேரியம்மா, கிட்டாரு கெடச்சிட்டு, வாறோம்"னு. அந்தப் பக்கம் அண்ணி போட்ட கூப்பாடு எங்களுக்கே கேட்டிச்சி: "யாருல பேசுறது? எம் புருசன என்னல செஞ்சீங்க? போன அவருகிட்ட குடு!"

கொடியேத்தத்து அன்னைக்கு பொழுது சாயுற நேரம் ஊரு வந்து சேந்தோம். பஸ்ஸு வளைவுக்குள்ள நுழைஞ்ச ஒடனே அண்ணன் செபமாலை டப்பு டப்புன்னு துளிர்விட்டிச்சி. பஸ்ஸே திரும்பி அக்கா மடியில இருந்த பெட்டியப் பாத்திச்சி. அக்கா பெட்டியத் தொறந்தாவ. கறுப்பா, சும்மா கெடந்திச்சி. ஒரு எலை இல்ல. "அதுக்கு ஒண்ணும் ஞாபகம் வரல"ன்னாரு கண்டக்டரு, டிக்கெட்டக் கிழிச்சிக்கிட்டே.

நேரா கோயிலுக்குப் போயிருந்தா கதை முடிஞ்சிருக்கும். ஆனா எறங்குன எடத்துல லூர்து நிக்கான், மாலையோட. பின்னால பாட்டுக்குழு பூரா, தேங்காயோட. அதுக்குப் பின்னால பாதி ஊரு.

"எக்கா, கெழக்க வாங்க. கடல்ல எறக்கணும்."

"எத?"

"கிட்டார. ஃபைபருல்லா? புது ஃபைபரு எதுவானாலும் உப்புத் தண்ணி பாத்துட்டுத்தான தொழிலுக்குப் போவணும். வள்ளத்துக்கு அப்படித்தான செய்தோம்?"

"ஏல, இது வள்ளமால? கிட்டாருல!"

"ஃபைபருதான?"ன்னான் லூர்து. வாதத்துல ஓட்டையே இல்ல. பின்னால நின்னவனெல்லாம் தலைய ஆட்டுனான். ஒருத்தன் சொன்னான், "எறக்காத ஃபைபர நம்பி நாங்க வாயத் தொறக்க மாட்டோம்க்கா. ராசி இல்ல." கோயில் மணி மொத மணி அடிச்சிட்டு. அக்கா கோயிலப் பாத்தாவ, இவனுவளப் பாத்தாவ. பாட்டு இல்லாத கிட்டாரு என்னத்துக்கு?

"எவனும் தொடக் கூடாது. நானே எறக்குதேன்."

சேலைய முட்டுக்கு மேல சொருகிக்கிட்டு அக்கா கடல்ல எறங்குனாவ. தேங்கா ஒடச்சாச்சி, மாலை போட்டாச்சி, கிட்டார மல்லாக்க, தொட்டில்ல புள்ளயப் போடுற மாரி தண்ணியில வச்சாவ. மெதந்திச்சி! அம்புட்டு பேரும் கையத் தட்டுனாவ. தட்டுன கை சேந்து பிரியறதுக்குள்ள ஒரு அலை வந்து, அக்கா கால வாரி, திரும்புறப்ப கிட்டாரயும் வாங்கிக்கிட்டு, நீவாட்டுல, உள்ள இழுக்குற நீரோட்டத்துல, விட்டுட்டுப் போயிட்டு. நாங்க பாத்துக்கிட்டே நிக்கோம், மாலை போட்ட மாப்பிள்ளை கணக்கா அது ஆழக் கடலுக்குப் போவுது.

மிக்கேல் அண்ணன் பழைய தொண்டையில "வள்ளத்த தள்ளுங்கல!"ன்னாரு. தள்ளுனாவ. அக்கா நனஞ்ச சேலையோட தாவி ஏற, பின்னாலயே நாங்களும் ஏறுனோம். லூர்து இஞ்சின் கயத்த இழுக்கப் போனான், அக்கா அவன் கையப் புடிச்சிட்டாவ.

"இஞ்சின் போடாத. அலை எழும்புனா அது வாயில தண்ணி போயி முங்கிரும். துடுப்பப் போடு."

வருசக் கணக்கா ஓரத்துல கெடந்த துடுப்பெல்லாம் வந்திச்சி, பூவரசு எலையும் மஞ்சப் பூவுமா. துடுப்ப வலிக்க வலிக்க எலை தண்ணியில உதிருது, பூ பின்னால மெதந்து வருது. பொழுது மங்கிட்டு. கறுப்புக் கிட்டாரு, கறுத்த தண்ணி. எங்க தேட? மிக்கேல் அண்ணன் வழக்கம் போல கையக் குவிச்சிக் கத்த வாயத் தொறந்தவரு, தொறந்த வாயோட நின்னுட்டாரு. யாரக் கூப்புட? கிட்டாரு பதிலா சொல்லப் போவுது?

பொறவு அவரு சொன்னாரு, மெதுவா, அந்தக் கடையில தண்ணி கேட்ட அதே கொரல்ல: "சும்மா இருங்க மக்களே. கேப்போம்."

எங்க ஊரு வள்ளம் ஒண்ணு வாயப் பொத்திக்கிட்டு கடல்ல நின்னது அன்னைக்குத்தான். துடுப்பத் தூக்கிட்டோம். துடுப்புல இருந்து சொட்டுற தண்ணி கேக்குது. பக்கத்துல இருக்கவன் மூச்சு கேக்குது. எனக்கு இம்புட்டு நாளா தெரியாது, கடல் இம்புட்டு சின்னதாவும் பேசும்னு. அப்ப தெக்க, சின்ன அலை ஒண்ணு கம்பிய தொட்டுட்டுப் போற சத்தம். ம்ம்ம்...னு. விட்டு விட்டு.

"அந்தா"ன்னாவ அக்கா, மூச்சுக் காத்துல.

ஒருத்தரும் கத்தல. ரெண்டு வலி வலிப்போம், நிப்போம், கேப்போம். திரும்ப வலிப்போம், நிப்போம், கேப்போம். கிட்ட போனதும் அக்கா குனிஞ்சி கழுத்தப் புடிச்சித் தூக்குனாவ. கவுத்துனாவ. உள்ள இருந்து தண்ணி கொட்டுச்சி, கடைசியில ஒரு சாளை மீன் குஞ்சு துள்ளி விழுந்து திரும்ப கடலுக்கே போச்சி. முந்தானையால கம்பியத் தொடச்சி, முறுக்காணியத் தொட்டுத் தொட்டு சேத்து, கட்டை வெரலால தடவுனாவ. அதே சத்தம். பக்கத்துல வந்து ஒக்காந்த அதே சத்தம். மரக் கிட்டாரா இருந்தா இன்னேரம் ஊறி வாயப் பொளந்திருக்கும்.

ரெண்டாவது மணி கேட்டிச்சி. கரைக்கு வலிச்சோம். யாரு பாட்ட எடுத்தாங்கறது இன்னைக்கு வரைக்கும் வழக்குல கெடக்கு, எனக்குத் தெரிஞ்சி யாரும் எடுக்கல. கேட்டுக் கேட்டு வந்த வாயி, அதே பதத்துல தானா தொறந்திச்சி.

கோயிலுக்குள்ள கொடிப் பூசைக்கு ஆளு நெறஞ்சி, எலையும் தழையுமா இருந்த பெஞ்சுல நெருக்கி ஒக்காந்திருக்கு. ஆயரு நடு நாக்காலியில. அந்த நாக்காலியும் அன்னைக்குன்னு பூத்திருந்திச்சி. கிளமெண்ட் சாமி மைக்குக்கு முன்னால வாசல வாசலப் பாத்துக்கிட்டு நிக்காரு. ரெக்கார்டு போடுறவன் வெரல பட்டன் மேல வச்சிக்கிட்டு இருக்கான்.

"பாட்டுக்குழு..."ன்னு இழுத்தாரு சாமி. "பாட்டுக்குழு வரல போல. சரி, ரெக்கார்டையே..."

முன் பெஞ்சுல இருந்து கறிக்கடை அந்தோணி எந்திரிச்சாரு. "சாமி, அவுக வந்து பாடிட்டுத்தான் இருக்காவ."

சாமி திரும்பிப் பாத்தாரு. பீடத்துக்குப் பக்கத்துல, எங்க எடத்துல, பக்கவாட்டு வாசல் வழியா பாடிக்கிட்டே வந்து, நனஞ்ச கைலியும் நனஞ்ச சேலையுமா, காலடியில உப்புத் தண்ணி குளம் கட்டி நிக்க, நாங்க பாடிக்கிட்டு இருந்தோம். அக்கா நடுவுல ஒக்காந்து, நகம் வெட்டுன வெரலால தடவிக்கிட்டு இருந்தாவ. சாமி ரெண்டடி கிட்ட வந்தாரு. தலையச் சாச்சி காதக் குடுத்தாரு. நெத்தியில இருந்த கை எறங்கிச்சி. பொறவு, எங்க சிப்பித்துறையில எந்தச் சாமியாரும் எந்தக் காலத்துலயும் சொல்லாத ஒண்ண சொன்னாரு:

"மிக்கேலு... கொஞ்சம் சத்தமா பாடலாமே."

மிக்கேல் அண்ணன் அக்காவப் பாத்தாரு. அக்கா ரெக்கார்டுக்காரனப் பாத்தாவ, அவன் பட்டன்ல இருந்து வெரல எடுக்குற வரைக்கும் பாத்தாவ. பொறவு அண்ணனப் பாத்து, வேண்டாம்னு தலைய அசச்சிட்டு, இன்னும் மெதுவா தடவுனாவ.

காத்து உள்ள வந்து பெஞ்சு எலையெல்லாம் சலசலத்திச்சி. பாட்டு கேக்கல. பின் வரிசையில இருந்த சவேரியம்மா அண்ணி மொதல்ல கைய நீட்டி, முன்னால ஆடுன எலையப் புடிச்சாவ. பக்கத்துல இருந்தவ புடிச்சா. அதுக்கடுத்தவ புடிச்சா. அப்படியே வரிசை வரிசையா, சின்னது பெருசு பூராவும், கடைசியில நடு நாக்காலியில இருந்த ஆயரும், கைக்கு எட்டுன எலைய ஆடாம புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தாவ, பாட்டு முடியுற வரைக்கும்.